கரம் பற்றுவது கரை சேரவே



காரைக்கால் நகருக்கு வடமேற்கே, காவிரியின் கடைமடை வயல்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது நெடுங்காடு. இவ்வூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நம் மக்களுக்கு இறைநேசர்களின் திருப்பெயர்கள் புதியன அல்ல. காரைக்காலுக்குச் சென்றால் மஸ்தான் சாகிபு வலியுல்லாஹ் அவர்களின் தர்கா இருக்கிறது. அங்கிருந்து தெற்கே சென்று வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர் வந்துவிடும். ஆன்மிக ஆசிரியர் ஒருவரின் கரம் பற்றி, இறைவழியில் அவர் சொற்படி நடப்பதாகக் கொடுக்கும் உறுதிமொழியே 'பைஅத்' என்பதை இப்பகுதியில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாறு கரம் கொடுப்பவர் ஷைகு. கரம் பற்றுபவர் முரீது.

சொல்லை நாம் அறிவோம். அச்சொல்லின் பொறுப்பை அறிந்திருக்கிறோமா என்பதே இம்மாதம் நாம் சேர்ந்து சிந்திக்க வேண்டிய வினாவாகும்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். நெடுங்காட்டில் ஒரு வீடு. தந்தை வளைகுடா நாட்டில் உழைக்கிறார். தாய் இரண்டு பெண் மக்களையும் கல்லூரியில் பயிலும் ஒரு மகனையும் வைத்துக் குடித்தனம் நடத்துகிறார். மகன் கைப்பேசியில் ஒரு ஷைகின் உரைகளைக் கேட்கத் தொடங்குகிறான். பிறகு நேரில் சென்று பைஅத்தும் பெறுகிறான். முதல் ஆறு மாதங்கள் தாய்க்குப் பெருமகிழ்ச்சி. ஐவேளைத் தொழுகை தவறுவதில்லை; இரவில் திக்ரு ஓதும் ஓசை; பேச்சிலே பணிவு. அதன் பின்னர் கல்லூரிக்குச் செல்வது குறைகிறது. தந்தை அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு காணிக்கையாகப் போகிறது. தாய் காரணம் கேட்டால், "ஷைகின் காரியத்தில் கேள்வி கேட்கக் கூடாது உம்மா! மூஸா நபியே கேள்வி கேட்டதனால்தானே பிரிய நேர்ந்தது?" என்கிறான்.

இது நாம் எண்ணிப் பார்த்த குடும்பம்தான். ஆயினும் இதைப் படிக்கையில் உங்களுக்குத் தெரிந்த ஏதேனும் ஒரு வீடு நினைவுக்கு வந்திருக்கக் கூடும். ஆகவே அந்த மகன் எடுத்துக் காட்டிய சான்றையே நாமும் எடுத்துக்கொண்டு, அது உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அந்த வரலாறு திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயமாகிய சூரத்துல் கஹ்ஃபில் வருகிறது. நம்மில் பலர் வெள்ளிக்கிழமைதோறும் ஓதிவரும் அத்தியாயம் அது. மூஸா (அலை) அவர்கள், இறைவனால் தனி ஞானம் அருளப்பெற்ற ஓர் அடியாரைத் தேடிச் சென்று, தமக்குக் கற்பிக்குமாறு வேண்டுகிறார்கள். அந்த அடியாரின் பெயர் திருக்குர்ஆனில் இல்லை. அவர் கிள்ரு (அலை) என்பதை நபிமொழி வாயிலாக அறிகிறோம். தாமே விளக்கும் வரை எதைப் பற்றியும் கேட்கலாகாது என்ற நிபந்தனையை அவர் விதிக்கிறார். இருவரும் பயணம் செல்கின்றனர். ஆசிரியர் ஒரு படகைச் சேதப்படுத்துகிறார். ஒரு சிறுவனின் உயிரைப் போக்குகிறார். விருந்தளிக்க மறுத்த ஓர் ஊரில் இடிந்து விழவிருந்த சுவரைக் கூலி பெறாமல் செப்பனிடுகிறார். மூன்று முறையும் மூஸா (அலை) அவர்களால் பேசாதிருக்க இயலவில்லை. இருவரும் பிரிகின்றனர்.

கதையை இத்துடன் நிறுத்திவிடுபவர்களுக்குத்தான் "கேள்வி கேட்காதே" என்பது பாடமாகப் படுகிறது. அதன் பிறகு நடந்ததையும் பாருங்கள். பிரிவதற்கு முன்னர் அந்த ஆசிரியர் மூன்று செயல்களுக்கும் ஒன்று விடாமல் விளக்கம் தந்தார். படகு கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளுடையது. நல்ல படகுகளை எல்லாம் பறித்துக்கொள்ளும் ஒரு மன்னனிடமிருந்து அதைக் காக்கவே பழுதாக்கினார். சிறுவனின் செய்தி, இறைநம்பிக்கை கொண்ட பெற்றோர் இருவரைப் பற்றியது. சுவரின் அடியில் இருந்ததோ இரண்டு அனாதைச் சிறுவர்களுக்கு உரிய புதையல். அவர்கள் வளர்ந்து ஆளாகும் வரை அது வெளிப்படாதிருக்கவே சுவரை நிமிர்த்தினார். இவை எவற்றையும் தம் விருப்பப்படி செய்யவில்லை, இறைவன் கட்டளைப்படியே செய்ததாகவும் உரைத்தார்.

இங்கே மூன்று உண்மைகள் நம் கவனத்திற்குரியவை. முதலாவது, கேள்வி கேட்ட மாணவர் ஓர் இறைத்தூதர். ஓர் உயிர் போவதைக் கண்டும் வாய் மூடியிருக்க அவர்களுடைய நெஞ்சம் இடம் தரவில்லை. அந்தக் குரலை நாம் குற்றமாகக் கருத முடியுமா? இரண்டாவது, ஆசிரியர் தம் செயலுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவராகவே நடந்துகொண்டார். மூன்றாவதாக, இறைவனின் நேரடிக் கட்டளை என்று அவர் சொன்னதைச் சொல்லும் உரிமை, நபித்துவம் முற்றுப்பெற்ற பின்னர் வந்த எந்த ஷைகுக்கும் கிடையாது. ஷரீஅத் விலக்கிய ஒன்றை, "இதன் இரகசியம் உனக்குப் புரியாது" என்று கூறிச் செய்பவருக்கு இவ்வரலாறு சான்றாக வந்து நிற்காது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். படகு ஏழைகளின் பிழைப்பு. சிறுவனின் செய்தி பெற்றோரின் நலன். சுவர் அனாதைகளின் சொத்து. மூன்றிலும் ஆசிரியருக்கென்று எந்த ஆதாயமும் இல்லை; கேட்டிருக்கக்கூடிய கூலியைக் கூட அவர் கேட்கவில்லை. ஆகவே ஒரு ஷைகை அளந்து பார்க்க நமக்கு ஒரு முழக்கோல் இவ்வரலாற்றிலேயே கிடைக்கிறது. அவரை நாடிச் சென்ற பின் ஏழையின் பிழைப்பு காக்கப்படுகிறதா, பறிக்கப்படுகிறதா? பெற்றோரின் உள்ளம் குளிர்கிறதா, எரிகிறதா? பிள்ளைகளுக்கு உரிய பொருள் வீட்டில் தங்குகிறதா, வேறொருவரின் பெட்டிக்குப் போகிறதா?

இனி நம் பக்கத்து ஊரில் அடங்கியிருக்கும் மகானின் வரலாற்றுக்கு வருவோம். நாகூர் ஷாகுல் ஹமீது நாயகம் (ரஹ்) அவர்கள் வடநாட்டிலுள்ள மாணிக்கப்பூரில் பிறந்தவர்கள். இளமையிலேயே குவாலியருக்குச் சென்று, செய்யிது முஹம்மது கௌது (ரஹ்) அவர்களிடம் ஆன்மிகப் பயிற்சி பெற்றார்கள். அந்த ஆசிரியரும் எளிதில் ஆசிரியர் ஆனவர் அல்லர். தம் ஆசிரியரின் கட்டளைப்படி சுனார் மலைப் பகுதியில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனித்திருந்து தவம் பயின்றவர். ஷத்தாரிய்யா வழியின் பெரும் ஞானி.

பயிற்சி நிறைந்ததும் ஷாகுல் ஹமீது நாயகம் ஆசிரியரிடம் விடைபெற்றுப் புறப்பட்டார்கள். 404 சீடர்கள் உடன் வந்தனர் என்பது நாகூரின் மரபு. புனித ஹஜ்ஜை நிறைவேற்றி, பல நாடுகளைக் கடந்து, தஞ்சைச் சீமைக்கு வந்து, இந்தக் கடற்கரையில் தங்கினார்கள். தஞ்சை நாயக்க மன்னரின் நோய் தீர்த்ததால் நிலம் மானியமாகக் கிடைத்தது என்பதும் மரபு. 1570ஆம் ஆண்டு இவ்வுலகைத் துறந்தார்கள். இன்று நாகூரில் வானளாவ நிற்கும் மனோராக்களில் மிக உயர்ந்ததைக் கட்டியவர், பின்னாளில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங்.

குவாலியருக்குச் செல்பவர்கள் அங்கே முஹம்மது கௌது (ரஹ்) அவர்களின் பெரிய கல்லறை மண்டபத்தைக் காணலாம். அதன் வளாகத்திலேயே, சிறியதொரு மேடையில், அக்பர் சக்கரவர்த்தியின் அவையை அலங்கரித்த இசைமேதை தான்சேன் அடங்கியிருக்கிறார். அவரும் அந்த ஞானியின் அன்புக்குரியவர் என்றே மரபு கூறுகிறது. ஒரு சீடர் ஆசிரியரின் காலடியிலேயே துயில்கிறார். மற்றொரு சீடரோ ஏறத்தாழ 1700 கிலோமீட்டருக்கு அப்பால், வங்கக் கடலின் ஓரத்தில் துயில்கிறார்கள். இவர்களில் ஆசிரியருக்கு நெருங்கியவர் யார் என்று யாரால் சொல்ல இயலும்? நெருக்கம் என்பது இருக்கும் இடத்தைப் பொறுத்ததாக இருந்தால், ஷாகுல் ஹமீது நாயகம் குவாலியரை விட்டு அகன்றிருக்க மாட்டார்கள். நாகூர் என்ற பெயரை உலகம் இவ்வாறு அறிந்திருக்கவும் மாட்டாது. தேர்ந்த மாணவரைத் தம் வாசலிலேயே கட்டிப்போடாமல், இறைவனின் பூமியில் பணியாற்ற விடைகொடுத்து அனுப்பிய ஆசிரியரின் பெருந்தன்மையும் நாகூரின் வரலாற்றில் ஒரு பாதியாகும்.

1739 முதல் 1954 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. நெடுங்காட்டிலிருந்து நாகூர் கந்தூரிக்குச் சென்ற நம் முன்னோர் ஓர் அரசின் எல்லையைக் கடந்து மற்றோர் அரசின் மண்ணுக்குச் சென்று திரும்பினர். மன்னர்கள் போட்ட கோடுகள் மறைந்துவிட்டன. ஓர் ஆசிரியரின் கரத்திலிருந்து மாணவரின் கரத்திற்கு வந்த சில்சிலா என்னும் சங்கிலி அறுபடவில்லை. ஆனால் சங்கிலி நீள வேண்டுமானால் ஒவ்வொரு வளையமும் அடுத்த வளையத்திற்கு இடம் கொடுத்தாக வேண்டும் அல்லவா?

தென்பாண்டி நாட்டிலும் இதற்கொரு சான்று உண்டு. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை அறியாதவர் நம்மில் இல்லை. அவர் தமிழ் கற்றது எட்டயபுரத்து அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம். முஸ்லிம் மாணவர் ஒருவருக்கு இந்து ஆசிரியர் ஒருவர் தம் தமிழ் முழுவதையும் வழங்கினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைக் காப்பியமாகப் பாடும் எண்ணம் எழுந்தபோது, உமறு நாடிச் சென்றது கீழக்கரையில் வாழ்ந்த மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (1632-1703) அவர்களை. அவைப் புலவருக்குரிய ஆடம்பரக் கோலத்தில் வந்தவரைக் கண்டு அப்பா அவர்கள் முதலில் இசையவில்லை என்றும், புலவர் மனமுருகி நின்ற பின்னரே இசைந்து வழிகாட்டினார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அந்த மறுப்பிலும் ஒரு போதனை இருந்தது. மாணவரின் புகழில் மயங்கி, "இத்தகைய பெரும்புலவர் என்னிடம் வந்தார்" என்று மகிழாமல், அவருடைய பணிவையே முதலில் எதிர்பார்த்தார்கள். இசைந்த பின்னரோ, கேட்டதை மறைக்காமல் கிடைக்கச் செய்தார்கள். விளைவு, விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களில் 5027 பாடல்கள். அந்தக் காப்பியத்தின் நாயகர் கடிகைமுத்துப் புலவர் அல்லர். சதக்கத்துல்லாஹ் அப்பாவும் அல்லர். அண்ணல் நபி (ஸல்) அவர்களே. மாணவரின் முகம் எந்தத் திசையை நோக்கித் திரும்பியது என்பதிலேயே ஆசிரியரின் தரம் தெரிந்துவிடுகிறது.

தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் என்னும் குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்கள், கீழக்கரையிலும் திருச்சியிலும் ஆசிரியர்களிடம் பயின்று, சென்னை இராயபுரத்தில் தங்கி, 1838இல் மறைந்தார்கள். அவர்களைக் குருவாகப் போற்றியவர்களில் இந்துப் பெருமக்கள் பலர் இருந்தனர். தமிழறிஞர் திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர் அவர்கள் மீது நான்மணிமாலை பாடியுள்ளார். குணங்குடியார் தம் மார்க்கத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை; வந்தவர்களைத் தள்ளிவைக்கவும் இல்லை. நம் சகோதரிகளும் இவ்வழிக்கு அயலார் அல்லர். கீழக்கரையில் வாழ்ந்த செய்யிது ஆசியா உம்மாள், கல்வத்து நாயகம் (ரஹ்) அவர்களின் வழிநின்று ஞானப் பாடல்கள் பாடிப் புகழ் பெற்றவர்.

இவர்கள் எல்லோரையும் ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. நல்லாசிரியரிடம் சென்றவர்கள் குறுகிப் போகவில்லை, விரிந்தார்கள். ஒருவர் ஓர் ஊரையே உருவாக்கினார். ஒருவர் காப்பியம் தந்தார். ஒருவர் பல சமயத்தாரும் வந்து அமரும் நிழலானார்.

அப்படியாயின் முரீது செய்ய வேண்டியது யாது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் நெடுங்காலம் பயின்ற மாணவர் ஒருவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. இவ்வளவு கற்றோமே, இவற்றில் எது மண்ணறையில் நமக்குத் துணைவரும் என்று கேட்டு ஆசிரியருக்கு எழுதினார். அதற்கு இமாம் அவர்கள் எழுதிய விடையே 'அய்யுஹல் வலத்' என்னும் சிறு நூல். மகனே என்று விளித்து எழுதப்பட்டதால் அப்பெயர் பெற்றது. செயலுக்கு வராத கல்வியால் பயனில்லை என்பதே அதன் உயிர்நாடி. பக்தாதின் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தில் தாம் வகித்த உயர்ந்த பதவியை 1095இல் உதறிவிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளப் புறப்பட்டவர், வெறும் வாய்ச்சொல்லாக இதை எழுதியிருக்க முடியாது.

அதே நூலில் ஷைகுக்குரிய தகுதிகளையும் இமாம் அவர்கள் வரையறுக்கிறார்கள். உலக ஆசையும் பதவி மோகமும் நீங்கியவராக இருக்க வேண்டும். தாமும் தகுதியுள்ள ஓர் ஆசிரியரைப் பின்பற்றியவராக இருக்க வேண்டும். நற்பண்புகள் அவரிடம் இயல்பாகவே அமைந்திருக்க வேண்டும். இத்தகையோர் கிடைப்பது மிக அரிது என்றும் எச்சரிக்கிறார்கள். அத்தகையவர் கிடைத்துவிட்டால், புறத்திலும் அகத்திலும் அவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்கிறார்கள். வரிசையைக் கவனித்தீர்களா? தகுதி முதலில், பணிவு அதன் பின்னர். நம்மில் சிலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, பணிந்த பிறகு தகுதியைத் தேடுகிறோம். அப்போது தேடும் துணிவு நமக்கு இருப்பதில்லை.

ஆகவே, பைஅத் பெற எண்ணும் தம்பிமார்களே, தங்கையரே! கரம் நீட்டுவதற்கு முன் விசாரியுங்கள். அவர் யாரிடம் கற்றார், யார் அவருக்கு இஜாஸத் என்னும் அனுமதி வழங்கினார்கள் என்று கேளுங்கள். ஊர் ஆலிம்களிடம் கலந்து பேசுங்கள். கைப்பேசித் திரையில் ஒருவரின் சொல்வன்மை தெரியும். அவர் அண்டை வீட்டாரிடமும் தம் மனைவி மக்களிடமும் எப்படி நடந்துகொள்கிறார் என்பது தெரியாது. கடமையான தொழுகையைச் சிறிதாகவும் தம் சொல்லைப் பெரிதாகவும் கருதச் செய்கிறாரா என்று பாருங்கள். கணவனுக்கும் பெற்றோருக்கும் தெரியக்கூடாத சந்திப்பு என்று ஒன்று மார்க்கத்தில் இல்லை. அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருக்கலாகாது என்ற விதி ஷைகுக்கும் முரீதுக்கும் பொதுவானதே. கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் கொடுக்கும் காணிக்கையை ஏற்பவர், சுவரைக் கூலியின்றி நிமிர்த்திய அந்த ஆசிரியரின் வழியில் வந்தவராக மாட்டார்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகன் ஒரு ஷைகை நாடினான் என்றதும் கடிந்து விரட்டாதீர்கள். அவன் தேடுவது நல்லதையே. வீட்டில் அவனோடு அமர்ந்து மார்க்கம் பேச ஒருவரும் இல்லாதபோது, வெளியில் பேசுபவரின் குரல் அவனுக்கு இனிக்கத்தான் செய்யும். நாம் மேலே கண்ட நெடுங்காட்டுத் தாய் மகனிடம் இவ்வாறு சொல்லலாம்: "மகனே! மூஸா நபியின் வரலாற்றை நீ சொன்னாய். நாம் இருவரும் அதை முடியும் வரை ஓதிப் பொருள் பார்ப்போம். உன் ஷைகிடம் என்னையும் வாப்பாவையும் ஒருமுறை அழைத்துப் போ." உண்மையான ஷைகு அப்பெற்றோரை எழுந்து நின்று வரவேற்பார், "முதலில் படிப்பை முடி, தாயின் மனம் நோகாமல் நட" என்று அவர்கள் முன்னிலையிலேயே மகனுக்குக் கட்டளையிடுவார். அவ்வாறானால் அத்தாய் மகனை மட்டுமன்று, தம் துஆவையும் அவருக்கு வழங்கிவிட்டு வரலாம். சந்திக்கவே மறுப்பாராயின், அந்த மறுப்பே வேண்டிய விடையைத் தந்துவிடும்.

ஷைகுமார்களின் மேன்மையைக் குறைப்பதற்காக இவற்றை எழுதவில்லை. போலி நாணயம் புழங்குவதால் பொன்னின் மதிப்புக் குறைந்துவிடாது. உரசிப் பார்க்கும் கடமை நமக்குக் கூடுகிறது. நம் தந்தையரும் பாட்டனாரும் ஞானிகளின் வாசலில் நின்று பெற்ற பொறுமையும் ஈகையும் இக்கடற்கரை ஊர்களின் அழியாச் செல்வம். அச்செல்வம் நம் பிள்ளைகளுக்கும் சேர வேண்டுமானால், யாரிடம் கற்கிறோம் என்பதில் விழிப்பும், கற்றபின் பணிவும் வேண்டும்.

கரை சேர்ந்தபின் படகோட்டி பயணியைப் படகிலேயே இருத்திக்கொள்வதில்லை. பயணியும் தன்னைக் கரை சேர்த்தவரை மறப்பதில்லை. ஆசிரியரும் மாணவரும் இவ்வாறு அமைவதே இவ்வுறவின் அழகு.

வல்ல அல்லாஹ், தன்னளவில் நம்மைச் சேர்த்துவைக்கும் நல்லாசிரியர்களை நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! அவர்களை அறிந்துகொள்ளும் கண்ணையும், அறிந்தபின் மதிக்கும் நெஞ்சையும் தந்தருள்வானாக! ஆமீன்.